செண்ட்டைக் கூட்டக் கூட்டச் சிக்கலும் கூடுவது ஏன்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம் இது. வயது 32. நாள் முழுக்க ஆட்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் அலுவலக வேலை. பாலியெஸ்டர் கலந்த மூன்று சீருடைச் சட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிறார். காலை, மாலை இரு வேளையும் கிருமிநாசினி சோப் போட்டு, நாரால் அழுத்தித் தேய்த்துக் குளிக்கிறார். ஈரம் காய்வதற்குள் அக்குளிலும் கழுத்திலும் பத்து, பன்னிரண்டு முறை செண்ட் அடிக்கிறார். பாட்டில் பையிலேயே இருக்கிறது. மதியம் இன்னொரு சுற்று. அப்படியும் சட்டை போட்ட அரை மணி நேரத்தில் ஒரு புளித்த வாடை எழுகிறது என்கிறார். இரண்டு மாதமாக அக்குளில் எரிச்சல், அரிப்பு. கழுத்தின் பக்கவாட்டில் நீர் வழிந்தது போலப் பழுப்புக் கோடுகள். அலுவலகத்தில் சிலர் அவர் அருகே வந்தால் மூக்கைத் தேய்த்துக்கொள்கிறார்கள். ஆஸ்துமா உள்ள சக ஊழியர் ஒருவர் புகார் செய்ய, இனி செண்ட் போட வேண்டாம் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மனைவியோ வாடையே இல்லை என்கிறார்.

அவர் கேட்பவை: இன்னும் கடுமையான செண்ட்டுக்கு மாறலாமா? உடல் சூட்டாலோ ரத்தம் கெட்டதாலோ இப்படி ஆகுமா? வியர்வையை அடக்கும் ரோல்-ஆன் புற்றுநோய் தரும் என்பதால் படிகாரம் தேய்ப்பது சரிதானே? மேலாளரின் உத்தரவை மறுக்க முடியுமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். அதில் ஒரு விஷயத்தை நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள். உங்கள் மேல் வியர்வை நாற்றம் அடிப்பதாக யாருமே சொல்லவில்லை. மனைவி இல்லை என்கிறார். சக ஊழியரின் புகார் செண்ட் பற்றியது. மேலாளர் நிறுத்தச் சொன்னதும் செண்ட்டைத்தான். மூக்கைத் தேய்க்கிறவர்களைப் பார்த்து 'வியர்வை நாறுகிறது போலிருக்கிறது' என்று முடிவு கட்டி, நீங்கள் இன்னும் நான்கு முறை கூடுதலாக அடிக்கிறீர்கள். அவர்கள் மூக்கைத் தேய்ப்பது அந்த நான்கு முறைக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதற்காக, சட்டையிலிருந்து வரும் வாடையை நீங்கள் கற்பனை செய்கிறீர்கள் என்று சொல்ல வரவில்லை. அது உண்மை. ஆனால் அது இருக்கும் இடம் நீங்கள் நினைக்கும் இடமல்ல.

வாடை எங்கே உண்டாகிறது

உடம்பெங்கும் பரவியிருக்கும் சாதாரண வியர்வைச் சுரப்பிகள் விடுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அதற்குச் சொல்லும்படி வாடை கிடையாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக் காம்பைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் வேறு வகைச் சுரப்பிகள் உண்டு. பருவ வயதில் விழித்துக்கொள்ளும் இவை, கொழுப்பும் புரதமும் கலந்த கொஞ்சம் கெட்டியான திரவத்தை விடுகின்றன. அதுவும் சுரந்த நொடியில் வாடையற்றதுதான். அங்கே குடியிருக்கும் கொரினிபாக்டீரியம், ஸ்டஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போது வெளியேறும் கந்தகச் சேர்மங்களும் கொழுப்பு அமிலங்களுமே நாம் முகரும் 'வியர்வை நாற்றம்'. ரத்தம் கெட்டுப்போவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'உடல் சூடு' என்று சொல்வதில் ஒரே ஒரு உண்மை உண்டு: வெப்பம் கூடினால் வியர்வை கூடும், ஈரம் கூடினால் பாக்டீரியா பெருகும். அவ்வளவுதான். வயிற்றைச் சுத்தம் செய்யவோ ரத்தத்தைச் சுத்திகரிக்கவோ மருந்து தேடிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

பாக்டீரியா தன் வேலையைக் காட்ட நேரம் பிடிக்கும். சோப் போட்டுக் கழுவித் துடைத்த அக்குள் அரை மணி நேரத்தில் புளித்த வாடை அடிக்காது. அதனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது 'அரை மணி நேரம்' என்ற இடத்தில்தான். வாடை சட்டையிலேயே இருக்கிறது. உடல் சூடு பட்டதும் எழும்புகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். துவைத்துக் காய்ந்த சட்டையை எடுத்து, அக்குள் பகுதியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். ஆவி எழும்போது முகர்ந்து பாருங்கள். அதே புளித்த வாடை வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். சோதிப்பதற்கு முன் பத்து, பதினைந்து நிமிடம் வெளிக்காற்றில் நின்றுவிட்டு வாருங்கள். மூக்கு தொடர்ந்து முகரும் எதையும் சில நிமிடங்களில் பதிவு செய்வதை விட்டுவிடும். அன்றைக்குச் செண்ட் அடித்திருக்கவும் கூடாது.

சட்டைக்கு வைத்தியம்

பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது. எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும். அக்குளின் கொழுப்பு அதில் ஒட்டி, சாதாரணத் துவைப்பில் முழுதாகப் போகாமல் படலம் படலமாகச் சேர்கிறது. நாற்றம் உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியாக்களுக்கும் பருத்தியைவிட இந்தத் துணிதான் பிடித்தமானது. துணியை மென்மையாக்கும் திரவத்தைக் கடைசி அலசலில் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அது இழைமேல் இன்னொரு பூச்சு பூசி, டிடர்ஜென்ட் உள்ளே போகவிடாமல் செய்துவிடும்.

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். என்சைம் கலந்த டிடர்ஜென்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு மணி நேரம் ஊற வைத்து, பிறகு துவையுங்கள். கொதிநீர் வேண்டாம், அது என்சைமைச் செயலிழக்க வைக்கும். வாடை மிச்சம் இருந்தால், அடுத்த முறை சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்ஸிஜன் ப்ளீச்சில் ஊற விடுங்கள். எவ்வளவு போடுவது, எவ்வளவு நேரம் என்பதைப் பாக்கெட்டில் உள்ளபடி செய்யுங்கள். குளோரின் ப்ளீச் சீருடைக்கு ஆகாது; நிறத்தையும் இழையையும் கெடுக்கும். கழற்றிய சட்டையைச் சுருட்டிக் கூடைக்குள் அடைக்காமல் விரித்துப் போடுங்கள். துவைத்த பின் முழுவதும் காயாமல் மடிக்காதீர்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தும் இஸ்திரிச் சோதனையில் தோற்கிற சட்டையைக் காப்பாற்ற முடியாது, மாற்றிவிடுங்கள். உள்ளே பருத்தி பனியன் போடுவதும் நல்லது. அன்றாடம் துவைக்க வேண்டியது அதுவாகிவிடும்.

இப்போது அக்குளில் நடப்பது

நாரால் தேய்த்ததில் தோலின் மேலடுக்கு உரிந்திருக்கிறது. நம் தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். ஏறக்குறைய 5. கட்டிச் சோப்புகள் பெரும்பாலும் 9, 10 அளவில் காரமானவை. தினம் இருமுறை அதைப் போட்டுத் தேய்த்து, ஈரம் காயாத தோலில் ஆல்கஹால் அதிகமுள்ள செண்ட்டை அடித்தால் எரியாமல் என்ன செய்யும்? ஒருவேளை இது வெறும் எரிச்சலாக இல்லாமல் வாசனைப் பொருளுக்கான ஒவ்வாமையாகவும் ஆகியிருக்கலாம். எரிச்சல் என்றால் காரணத்தை நிறுத்தியதும் ஆறிவிடும். ஒவ்வாமை அப்படியல்ல, ஒரு பொருளுக்கு ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க உடன்வரும், அதன்பின் கொஞ்சம் பட்டாலே கிளம்பும்.

கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பும் தடிப்பும் அக்குளின் குழிந்த நடுப்பகுதியில் இருந்தால் அங்கே நேரடியாகப் போட்ட செண்ட், ரோல்-ஆன், படிகாரம் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நடுக்குழி தெளிவாக இருந்து, துணி உரசும் விளிம்புகளில் மட்டும் வளையமாகத் தடித்திருந்தால் சட்டையின் சாயத்தையோ துணியில் ஏற்றிய ரசாயனத்தையோ சந்தேகிக்கலாம். தோல் மருத்துவரிடம் போகும்போது இந்த ஒரு விவரம் மிகவும் உதவும்.

இரண்டு வாரம் அக்குளுக்கு முழு ஓய்வு கொடுங்கள். செண்ட், ரோல்-ஆன், படிகாரம், சவரம், நார் எதுவும் வேண்டாம். வாசனை சேர்க்காத மென்மையான கிளென்சரைக் கையால் போட்டு, அலசி, துண்டால் ஒற்றி எடுங்கள். 'அன்சென்டட்' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள், மூல வாடையை மறைக்கவே அதில் வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'பிராக்ரன்ஸ்-ஃப்ரீ' என்பதைப் பார்த்து, உட்பொருள் பட்டியலையும் ஒருமுறை படித்து வாங்குங்கள்.

முக்கியமாக ஒன்று: ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த களிம்பை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அக்குள் தோல் மெல்லியது, மடிப்புக்குள் மருந்து கூடுதலாக உறிஞ்சப்படும். முதல் வாரம் சுகமாக இருக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, அழியாத கோடுகள் விழும். ஸ்டீராய்டு தேவைப்பட்டால் எந்த வலு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கழுத்தில் உள்ள கோடுகள்

வழிந்த நீர் போல என்று நீங்கள் எழுதியது மிகச் சரியான வர்ணனை. பெர்கமாட் போன்ற எலுமிச்சை இன எண்ணெய்களில் உள்ள பெர்காப்டன், தோலில் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் வெந்து கருக்கும். செண்ட் எந்த வழியில் வழிந்ததோ அந்த வழியில் கோடு விழும். இதற்கு 'பெர்லாக் டெர்மடைட்டிஸ்' என்று 1920-களிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பதக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இன்று பெரிய தயாரிப்பாளர்கள் பெர்காப்டன் நீக்கிய எண்ணெயையே பயன்படுத்துவதால் இது குறைந்துவிட்டது. ஆனால் உட்பொருள் எழுதாத வாசனை எண்ணெய்களில் இன்னும் இருக்கக்கூடும். வெயில் இல்லாமலேயே வாசனை ஒவ்வாமையாலும் இப்படிக் கருக்கலாம்.

கழுத்தில் செண்ட் அடிப்பதை நிறுத்தி, எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேலான வாசனையற்ற சன்ஸ்கிரீன் போட்டுவாருங்கள். மங்குவதற்குப் பல மாதங்கள் ஆகும். நிறம் வெளுக்கும் கிரீம் எதையும் அதற்குள் தடவிப் பார்க்க வேண்டாம்.

ரோல்-ஆன், படிகாரம், புற்றுநோய் பயம்

டியோடரண்ட் வேறு, ஆன்டிபெர்ஸ்பிரண்ட் வேறு. முதலாவது பாக்டீரியாவைக் குறைத்து வாசனை சேர்க்கும், வியர்வையைத் தடுக்காது. இரண்டாவதில் உள்ள அலுமினிய உப்பு, வியர்வைக் குழாயின் வாயில் தற்காலிக அடைப்பாகி வியர்வையைக் குறைக்கும். அலுமினியத்துக்குப் பயந்து நீங்கள் படிகாரத்துக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். படிகாரம் என்பதே பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட்! கல்லாக இருப்பதால் அது ரசாயனம் இல்லை என்றாகிவிடாது.

அலுமினிய ஆன்டிபெர்ஸ்பிரண்ட் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை. தோல் வழியாக உடலுக்குள் போகும் அளவு மிகமிகச் சொற்பம். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும். (மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போகும் பெண்களை அன்று இதைப் போடாமல் வரச் சொல்வது, துகள்கள் படத்தில் சுண்ணப் புள்ளிகள் போலத் தெரியும் என்பதற்காக, புற்றுநோய்ப் பயத்தால் அல்ல.)

தோல் ஆறிய பிறகு, தேவைப்பட்டால் ஆன்டிபெர்ஸ்பிரண்ட்டை இரவில் போடுங்கள். காலையில் குளித்த ஈரத்தோடு போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வியர்வை சுரந்துகொண்டிருக்கும்போது மருந்து குழாய்க்குள் நிற்காமல் கழுவிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு, அலுமினியம் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி எரியும். படுக்கப் போகும்முன் அக்குளை நன்றாக உலர்த்தி, மெல்லிய ஒரு பூச்சு. காலையில் கழுவிவிடுங்கள். முதல் வாரம் இரவுதோறும், வியர்வை குறைந்ததும் வாரம் ஒன்றிரண்டு முறை போதும். சவரம் செய்து இரண்டு நாள் ஆகாமல் போடாதீர்கள்.

வியர்வை அதிகமில்லை, வாடைதான் தொல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பருவுக்குத் தரும் பென்சாயில் பெராக்சைடு வாஷ், 5 சதவீதத்துக்கு மிகாதது. குளிக்கும்போது அக்குளில் தடவி ஓரிரு நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள், வாரம் இரண்டு மூன்று முறை. இது துணியின் சாயத்தை வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் ஆறும்வரை இதைத் தொடவே கூடாது.

செண்ட்டை அறவே விட வேண்டுமா?

ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தால் வேண்டியதில்லை. ஆனால் இன்னும் கடுமையானதுக்கு மாறலாமா என்ற கேள்விக்குப் பதில், கூடாது. செண்ட் வாடையை அழிப்பதில்லை. இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறும், அந்தக் கலவை தனித்தனியாக இருப்பதைவிட மோசம். கொலோன் என்பதில் வாசனைச் சாறு சுமார் 2 முதல் 4 சதவீதம், ஓ டி டாய்லெட்டில் 5 முதல் 15, ஓ டி பர்ஃபமில் 15 முதல் 20, பர்ஃபமில் அதற்கும் மேல். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். நீங்கள் வைத்திருப்பது மூன்றாவது வகை. அதைப் பத்து, பன்னிரண்டு முறை அடிப்பது ஒரு அறைக்குப் போதுமான வாசனை!

உங்களுக்கு மட்டும் அது மதியத்துக்குள் 'போய்விட்டது' போலத் தோன்றும். காரணம் முன்பே சொன்னதுதான், உங்கள் மூக்கு பழகிவிட்டது. எதிரே புதிதாக வந்து உட்காருபவருக்கு அது அப்படியே இருக்கிறது. மதியச் சுற்று வேண்டவே வேண்டாம்.

பிறகு எப்போதாவது போடுவதானால், இரண்டு முறைக்கு மேல் அடிக்காதீர்கள். 15, 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, சட்டையின் மார்புப் பகுதியிலோ உள் பனியனிலோ அடியுங்கள். வெளிர் நிறத் துணி கறைபடும், உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, சவரம் செய்த கழுத்து மூன்றும் இனி செண்ட்டுக்கு விலக்கு. எரியும் அடுப்பு, விளக்கு அருகே அடிக்கக் கூடாது, ஆல்கஹால் தீப்பிடிக்கும்.

பையிலேயே சுமந்து திரியும் பாட்டிலை இனி பயன்படுத்தாதீர்கள்; மருத்துவரிடம் போக நேர்ந்தால் காட்டிவிட்டு, பிறகு தூக்கிப் போடச் சொல்வேன். பல செண்ட்களில் உள்ள லினலூல், லிமோனீன் என்ற வாசனைப் பொருள்கள் புதிதாக இருக்கும்போது அவ்வளவாக ஒவ்வாமை தராதவை. காற்றும் வெப்பமும் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்த பிறகே அவை வீரியமான ஒவ்வாமைப் பொருள்களாகின்றன. பாதி தீர்ந்து, வெயிலில் சூடேறிய பழைய பாட்டில் புதியதைவிட ஆபத்தானது.

மேலாளரும் சக ஊழியரும்

ஆஸ்துமா உள்ள பலருக்குக் காற்றில் பரவும் வாசனைப் பொருள்கள் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். அது அவருடைய பிடிவாதமோ உங்கள் மேலுள்ள வெறுப்போ அல்ல. உங்கள் விருப்பம் ஒரு வாசனை, அவர் தரப்பில் இருப்பது மூச்சு. இந்தத் தராசில் நீங்கள் வெல்ல முடியாது, வெல்ல முயலவும் வேண்டாம். செண்ட்டை நிறுத்தச் சொன்ன உத்தரவு நியாயமானது.

சொன்ன விதம் நியாயமில்லை. உடல் சார்ந்த விஷயத்தை எல்லோர் முன்னாலும் பேசியிருக்கக் கூடாது. மேலாளரிடம் தனியாக நேரம் கேட்டு, "செண்ட் போடுவதை நிறுத்திவிட்டேன். இனி இப்படி ஏதாவது இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். இந்த விதி எல்லோருக்கும் பொது என்று எழுத்தில் தந்தால் நன்றாக இருக்கும்" என்று சொல்லுங்கள். சீருடைத் துணி பற்றிய பேச்சையும் அதே சந்திப்பில் எடுக்கலாம். அக்குளின் விளிம்பில்தான் தடிப்பு என்று மருத்துவர் உறுதி செய்தால், வேறு துணியில் சீருடை கேட்க அவருடைய சான்று கைகொடுக்கும். ஆஸ்துமா உள்ளவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், நீண்ட மன்னிப்பெல்லாம் தேவையில்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்

இரண்டு வார ஓய்வில் அரிப்பு அடங்காவிட்டால் போங்கள். அக்குள் முடியில் மஞ்சள் மணிகள் போல ஒட்டியிருந்தாலோ, மடிப்பில் பழுப்புச் சிவப்புத் திட்டு இருந்தாலோ அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், எளிதில் குணமாகும். காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் படுக்கை நனையும் அளவு வியர்ப்பது, படபடப்பு, அடங்காத தாகம் ஆகியவை சேர்ந்தால் தைராய்டு, சர்க்கரை முதலான பரிசோதனைகள் தேவை. உடல் முழுவதும், மூச்சிலும் சிறுநீரிலும்கூட அழுகிய மீன் வாடை வருவது ட்ரைமெத்திலமினூரியா என்ற அரிய மரபணுக் கோளாறு. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி ஏதுமில்லை.

சட்டையை மாற்றி, தோல் ஆறி, நம்பகமான இரண்டு பேர் வாடையில்லை என்று சொன்ன பிறகும் 'எல்லோரும் என்னை முகர்கிறார்கள்' என்ற எண்ணம் நாள் முழுக்க அரித்துக்கொண்டே இருந்தால், அதைத் தோல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதற்கும் பெயரும் சிகிச்சையும் உண்டு, மனநல மருத்துவரின் உதவி அங்கே நன்றாக வேலை செய்யும்.

ஒவ்வாமையை உறுதி செய்ய 'பேட்ச் டெஸ்ட்' செய்வார்கள். முதுகில் சிறு வட்டங்களில் பொருள்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் இன்னொரு முறை பார்ப்பார்கள். இடையில் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது. அதற்கேற்ப நாள் குறியுங்கள். ஒரு வாரம் முன்பிருந்தே முதுகில் ஸ்டீராய்டு களிம்பு எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது செண்ட் பாட்டில், சோப் உறை, ரோல்-ஆன், படிகாரக் கல், துவைக்கும் தூளின் பாக்கெட், மூன்று சட்டைகளில் ஒன்று, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.